டிஸ்க் கோட்டா: பைல் வளரும்போது நடக்கும் தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனியின் டிசைன் செக்‌ஷன் மாதிரி, பலர் ஒரே லினக்ஸ் சர்வரில் ஆர்ட்வொர்க் சேமிக்கும் இடங்களில் டிஸ்க் கோட்டாவில், அதாவது ஒருவர் பிடிக்கும் இடத்துக்கான வரம்பில், ஆளுக்கு 10 ஜிபி என்று சாஃப்ட் (சில நாள் தாண்டலாம்), ஹார்ட் (தாண்டவே முடியாது) இரண்டு லிமிட்டையும் ஒரே அளவில் வைத்துவிடுகிறார்கள். பெரிய தவறு அதுதான்.

900 எம்பி பைலைத் திருத்தி சேவ் செய்தால், பல மென்பொருள்கள் முதலில் புதிய நகலை முழுசாக எழுதி, பிறகுதான் பழையதன் பெயருக்கு மாற்றும். அதுவரை இரண்டுமே கணக்கில் இருக்கும். 9.5 ஜிபி நிரம்பியவரால் பைல் ஒரு எம்பிகூட வளராவிட்டாலும் சேவ் செய்ய முடியாது. பழைய பைலையே காலி செய்துவிட்டு எழுதும் மென்பொருள் இன்னும் ஆபத்து: பைல் பெருத்து, பாதியில் லிமிட் தட்டினால் பழையதும் போச்சு, புதியதும் அரைகுறை. ஷிப்மெண்ட் நெருங்கும் நேரத்தில் இப்படி ஆனால் யாரால் தாங்க முடியும்? அதனால் சாஃப்ட் 10 என்றால் ஹார்ட் 12 வையுங்கள். இடைவெளி மிகப் பெரிய பைலைவிடக் கூடுதலாக இருக்கட்டும். சாஃப்டைத் தாண்டியவருக்கு வழக்கமாக 7 நாள் அவகாசம். அதற்குள் குறைக்காவிட்டால் சாஃப்டே ஹார்ட் ஆகிவிடும்.

லிமிட் வைக்கும் 'செட்கோட்டா' கட்டளையில் வெறும் எண் கொடுத்தால் அது 1 கேபி பிளாக் கணக்கு, பைட் அல்ல. 10 ஜிபிக்கு 10485760.

கோட்டா எண்ணுவது பைலின் நீளத்தை அல்ல, டிஸ்க்கில் ஒதுக்கிய பிளாக்குகளை. 20 ஜிபி என்று காட்டும் ஸ்பார்ஸ் பைல் (உள்ளே எழுதாத காலி இடம் விட்ட பைல்) தொடக்கத்தில் கிட்டத்தட்ட எதுவும் பிடிக்காது. உள்ளே எழுத எழுதத்தான் ஏறும். 'எல்எஸ் -எல்' காட்டும் சைஸ் மாறாமலே ஒருநாள் 'டிஸ்க் கோட்டா எக்சீடட்' வரும். 'டியூ' போட்டுப் பார்த்தால் நிஜம் தெரியும்.

அழித்தும் இடம் குறையவில்லையா? பெரும்பாலும் ஏதோ ஒரு புரோகிராம் அந்தப் பைலைத் திறந்தே வைத்திருக்கும். 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' (எல் பெரிய எழுத்து, L) அதைக் காட்டும். மூடினால்தான் கணக்கு இறங்கும்.

யூசர் கோட்டாவில் இடம் பைலின் உரிமையாளர் பேரில்தான் ஏறும், எழுதியவர் பேரில் அல்ல. ரூட்டுக்கு (சர்வரில் முழு அதிகாரம் உள்ள யூசர்) ஹார்ட் லிமிட் தடையில்லை. ரூட்டாக ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் ஒருவரின் பைலில் எழுதிக்கொண்டே போனால், அவர் கணக்கு லிமிட்டைத் தாண்டி நிற்கும். மறுநாள் அவரால் ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது. ஸ்கிரிப்டை அந்தந்த யூசராகவே ஓட்டுங்கள்.

ஆட்கள் வேலை செய்யும்போதே, யார் எவ்வளவு பிடித்திருக்கிறார் என்று மறுபடி எண்ணும் 'கோட்டாசெக்' ஓட்டாதீர்கள். எண்ணும்போதே பைல்கள் மாறுவதால் கணக்கு பிசகும். இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் ஃபைல்சிஸ்டத்தில் அன்மவுண்ட் செய்து (இணைப்பை எடுத்து), 'டியூன்2எஃப்எஸ் -ஓ கோட்டா' (ஓ பெரிய எழுத்து, O) கொடுத்துவிட்டால் கணக்கை ஃபைல்சிஸ்டமே ஜர்னலோடு (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) பார்த்துக்கொள்ளும்.