காட்டு விளையாட்டில் ஒரு மனை: ஆட்டக்காரர் தானே வீடு கட்டிக்கொள்ள வழி செய்வது எப்படி?

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் பக்கம் மலை இறங்க ஆரம்பித்தால் ரோட்டின் இரண்டு பக்கமும் காடுதான். அந்தக் காட்டை வைத்து ஒரு சர்வைவல் (தாக்குப்பிடித்து உயிர் பிழைக்கும்) கணினி விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். விறகு பொறுக்கலாம், ஆற்றில் மீன் பிடிக்கலாம், இருட்டியதும் பயப்படலாம். ரொம்ப நாள் இவ்வளவுதான் இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவனிடம் விளையாடக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து, "அண்ணா, இவ்ளோ விறகு சேத்துட்டேன். இதத் தூக்கிக்கிட்டு எங்க போறது?" என்றான்.

அன்றைக்குத்தான் வீடு கட்டும் வேலையைத் தொடங்கினேன். அதில் எங்கெங்கே இடறினேனோ அந்த இடங்களில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மற்றதை வேகமாகக் கடந்துவிடலாம்.

விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோ 4 வைத்திருக்கிறீர்கள், அதில் ஒரு ஆள் நடக்கிறான், அவன் பையில் பொருள்கள் எண்ணிக்கையோடு இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். கோடோ இலவசம், எம்ஐடி உரிமத்தில் வருவது. என் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. சாதாரணக் கணினிக்கும் ஏற்ற கம்பாட்டிபிலிட்டி ரெண்டரரில் (படம் வரையும் முறையில்) ஓட்டுகிறேன், போதுமானதாக இருக்கிறது.

1. ஐந்து துண்டு போதும்

முதல் நாளே ஜன்னல், மாடிப்படி, பால்கனி என்று போகாதீர்கள். கல் அடித்தளம், கல்தூண், மண்சுவர், கூரை, அடுப்பு. அவ்வளவுதான். வாசலுக்குக்கூடத் தனித் துண்டு வேண்டாம். சுவர் வைக்காமல் விட்ட இடம் வாசல்.

கிருஷ்ணகிரி பக்கம் மல்லச்சந்திரத்தில் உள்ள கல்திட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். பலகைக்கல்லை நிறுத்தி மேலே ஒரு மூடுகல். பெருங்கற்காலத்து ஆட்கள் இரண்டே வகைத் துண்டில் வேலையை முடித்திருக்கிறார்கள். ஐந்து என்பதே நமக்கு ஆடம்பரம்.

கோடோவில் ஒரு அலகு என்றால் ஒரு மீட்டர். கட்டத்தின் அளவு 2 மீட்டருக்கு 2 மீட்டர், உயரம் 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பரிமாண உருவம் செய்யும் மென்பொருளான பிளெண்டரில் மாடல் செய்யும்போது ஒவ்வொரு துண்டின் ஆதாரப்புள்ளியும் (இடத்தை அளக்கத் தொடங்கும் புள்ளி) அடிப்பக்கத்தின் நடுவில் இருக்கட்டும். இதை விட்டுவிட்டால் பின்னால் ஒவ்வொரு துண்டையும் கையால் அரை மீட்டர் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

2. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சீட்டு

ரிசோர்ஸ் (தகவலை மட்டும் வைத்திருக்கும் கோடோ கோப்பு) வகையில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ஒவ்வொரு துண்டுக்கும் அதில் ஒரு கோப்பு உருவாக்குங்கள். பெயர், எந்தச் சீனை (கோடோவில் தயாராகச் செய்துவைத்த உருவத்தை) நிறுத்த வேண்டும், என்ன செலவு (மண்சுவருக்கு மண் 6, குச்சி 4 என்பது போல), எவ்வளவு தாங்கும் ஆகியவை அதில் இருக்கும். கூடவே மாறாத ஓர் அடையாளச் சொல்லும் வேண்டும். மண்சுவருக்கு 'மண்சுவர்' என்றே இருக்கட்டும். இந்தச் சொல்லின் அருமை ஏழாவது படியில் தெரியும்.

3. மனை போடுதல்

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் உலகம் முழுவதற்கும் ஒரே கட்டவலை போடுவார்கள். சமதளத்தில் அது சரி. நம் பக்கத்து நிலத்தில் நாலு அடி நடந்தால் ஒரு பாறை, எட்டு அடி நடந்தால் ஒரு ஓடை. உலகக் கட்டவலையில் வீடு ஒரு மூலையில் மண்ணுக்குள் புதையும், மறு மூலையில் அந்தரத்தில் நிற்கும்.

நான் செய்தது இது. ஆட்டக்காரர் வைக்கும் முதல் அடித்தளத்துக்குக் கட்டமே கிடையாது. எங்கே வேண்டுமானாலும், எந்தப் பக்கம் திருப்பியும் வைக்கலாம். அதை வைத்த இடத்தில் 'மனை' என்று ஒரு நோட்3டி (இடமும் திருப்பமும் கொண்ட கோடோவின் அடிப்படை உறுப்பு) பிறக்கும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு துண்டும் அந்த மனையின் கணக்கில்தான் ஒட்டும். அதாவது, கண் பார்க்கும் இடத்தின் உலகப்புள்ளியை மனையின் உள்புள்ளியாக மாற்றுங்கள், பக்கவாட்டில் 2 மீட்டர், உயரத்தில் 2.5 மீட்டர் என்று கிட்டிய மடங்குக்கு முழுமைப்படுத்துங்கள், மறுபடி உலகப்புள்ளியாக மாற்றுங்கள். மூன்றுக்கும் கோடோவிலேயே தயார் ஃபங்ஷன்கள் உண்டு. இதனால் கிழக்கு பார்த்த வீடும் ஆற்றைப் பார்த்த வீடும் ஒரே காட்டில் இருக்கலாம்.

சரிவில் தெரியும் இடைவெளிக்கு ஒரு எளிய ஏமாற்று வேலை: அடித்தள மாடலைக் கீழ்ப்பக்கம் 1.5 மீட்டர் கூடுதலாக நீட்டிவிடுங்கள். சமநிலத்தில் அது மண்ணுக்குள் மறைந்துவிடும். சரிவில் கருங்கல் கடைக்கால் மாதிரி தெரியும்.

இன்னொரு குழி. சுவர் கட்டத்தின் நடுவில் நிற்பதில்லை, விளிம்பில் நிற்கிறது. ஒரு கட்டத்தின் மேற்கு விளிம்பும் பக்கத்துக் கட்டத்தின் கிழக்கு விளிம்பும் ஒன்றேதான். நீங்கள் நான்கு திசையையும் தனித்தனியாகக் குறித்துவைத்தால், ஒரே இடத்தில் இரண்டு சுவர் வந்து உட்காரும், திரையில் மினுமினுக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் வடக்கு, கிழக்கு என இரண்டு விளிம்பை மட்டும் சொந்தமாக்குங்கள். மேற்கு என்று வந்தால் பக்கத்துக் கட்டத்தின் கிழக்காக மாற்றிக் குறியுங்கள். தெற்குக்கும் அப்படியே.

4. நிழல் துண்டு

வைப்பதற்கு முன் எங்கே வரும் என்று காட்டும் கண்ணாடி மாதிரியான உருவம். கேமராவிலிருந்து 5 மீட்டருக்கு ஒரு ரேகாஸ்ட்3டி (எதில் படுகிறது என்று பார்க்கும், கண்ணுக்குத் தெரியாத கோடு, சுருக்கமாக ரே) விடுங்கள். பட்ட இடத்தை மேலே சொன்னபடி கட்டத்தில் ஒட்டி அங்கே துண்டைக் காட்டுங்கள். வைக்க முடிந்தால் பச்சை, முடியாவிட்டால் சிவப்பு.

முதல் முறை ஓட்டியபோது நிழல் துண்டு என் முகத்தை நோக்கிக் கிடுகிடுவென்று வந்துகொண்டே இருந்தது. காரணம் சாதாரணமானது. நிழல் துண்டிலும் கொலிஷன் (மோதலை உணரும் வடிவம்) இருந்தது, ரே அதன் மேலேயே பட்டது, அதனால் அது இன்னும் கிட்டே வந்தது, மறுபடி பட்டது. நிழல் துண்டில் கொலிஷனை முழுதாக எடுத்துவிடுங்கள். கட்டடத் துண்டுகளுக்குத் தனி கொலிஷன் லேயர் ஒன்றும் ஒதுக்கிவிடுங்கள், பின்னால் மழைக்கும் உதவும்.

இடத்தில் வேறு எதுவும் இருக்கிறதா என்று பார்க்க ஏரியா3டி (உள்ளே வருவதைக் கவனிக்கும் பகுதி) வைக்கத் தோன்றும். அது அடுத்த பிசிக்ஸ் ஃபிரேமில்தான் பதில் சொல்லும், வேகமாகக் கிளிக் செய்தால் ஏமாந்துவிடுவோம். கோட்டுக்குப் பதில் ஒரு வடிவத்தையே விட்டுப் பார்க்கும் ஷேப்காஸ்ட்3டி வைத்து அந்த நொடியே புதுப்பிக்கச் சொல்லுங்கள். சோதிக்கும் வடிவத்தை உண்மையான அளவை விட எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் சின்னதாக வையுங்கள். இல்லாவிட்டால் ஒட்டி நிற்கும் பக்கத்துச் சுவரையே இடையூறு என்று சொல்லிச் சிவப்பு காட்டும்.

5. வைப்பது

இது சுலபம். பையில் பொருள் இருக்கிறதா பாருங்கள், கழியுங்கள், சீனை உருவாக்கி மனைக்குக் கீழ் சேருங்கள், கட்டம், விளிம்பு, துண்டின் வகை மூன்றும் சேர்ந்த சாவியோடு மனையின் சாவி-மதிப்புப் பட்டியலான டிக்‌ஷனரியில் பதியுங்கள். கழிப்பதற்கு முன் சோதனையெல்லாம் முடிந்திருக்கட்டும்.

6. எதன் மேல் நிற்கிறது?

அஞ்செட்டி பக்கம் இருக்கும் என் தாய்மாமா குடிசை போடுவதில் கெட்டிக்காரர். கேழ்வரகுக் காட்டில் பரண் கட்டி இரவெல்லாம் காவல் இருந்தவர். வீட்டுக்கு வந்தவரிடம் பெருமையாக விளையாட்டைக் காட்டினேன். அவர் கேட்டபடி நான்கு தூணையும் ஒவ்வொன்றாக இடித்தேன்.

"ஏன் மாப்ள, கால எல்லாம் புடுங்கிட்ட. கூர மட்டும் அப்படியே நிக்குது?"

"கணக்குல ஏதோ தப்பு மாமா."

"பேயி புடிச்சிருக்குது."

பேய் இதுதான்: தூணை எடுத்ததும், அதைத் தொட்ட கூரைத் துண்டிடம் மட்டும் "உனக்குப் பக்கத்தில் தாங்க யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டேன். அது பக்கத்துக் கூரையைக் காட்டியது. பக்கத்துக் கூரையைக் கேட்டால் அது இதைக் காட்டியது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றன.

சரியான முறையில் கணக்கு தரையிலிருந்து கிளம்ப வேண்டும். ஏதாவது ஒரு துண்டு சேர்ந்தாலோ போனாலோ, அந்த மனையில் உள்ள எல்லாத் துண்டின் பலத்தையும் பூஜ்யமாக்குங்கள். தரையில் ஊன்றிய அடித்தளங்களுக்கு மட்டும் 100 கொடுத்து ஒரு வரிசையில் போடுங்கள். வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அதன் அண்டைத் துண்டுகளுக்குப் பலத்தைக் கடத்துங்கள். ஒவ்வொரு வகையும் வாங்கும்போது கொஞ்சம் இழக்கும்: கல்தூண் 10, மண்சுவர் 25, கூரை 40. புதிதாக வந்த எண் ஏற்கனவே இருப்பதை விடப் பெரிதானால் எழுதி, அந்தத் துண்டையும் வரிசையில் சேருங்கள். வரிசை காலியானதும் பலம் பூஜ்யத்திலேயே நிற்பவை விழட்டும்.

எண்ணைப் போட்டுப் பாருங்கள். அடித்தளம் 100, அதன் மேல் தூண் 90. தூணைத் தொடும் கூரை 50, அதற்கடுத்தது 10, மூன்றாவதுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆக, பெரிய கூரை போட நினைக்கும் ஆட்டக்காரர் நடுக்கால் ஒன்று ஊன்றியாக வேண்டும். மாமா குடிசைக்குச் செய்வதும் இதுதான்.

வால்ஹைம் என்ற சர்வைவல் விளையாட்டை விளையாடியவர்களுக்கு இந்த முறை பழக்கமாக இருக்கும். தரையில் ஊன்றியது நீலமாகவும், மேலே போகப்போகப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்றும் அதில் காட்டுவார்கள். நாமும் நிழல் துண்டில் அந்த மாதிரி நிறம் காட்டினால் யாருக்கும் விதி சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒன்று, இந்தக் கணக்கை ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓட்டாதீர்கள். மாற்றம் வந்தால் மட்டும், வந்த மனைக்கு மட்டும்.

7. சேமிப்பது (இதை மூன்றாவது படியோடு சேர்த்தே எழுதியிருக்க வேண்டும்)

நான் கடைசியில் எழுதினேன், அனுபவித்தேன். துண்டுகளை அப்போது பட்டியலில் அவை இருந்த வரிசை எண்ணால் சேமித்திருந்தேன். சுவர் 2, கூரை 3, அடுப்பு 4. ஒரு நாள் பட்டியலின் நடுவில் 'படல்' ஒன்றைச் சேர்த்தேன். எல்லாம் ஒரு எண் தள்ளிப்போனது. அந்தத் தம்பி பழைய ஆட்டத்தைத் திறந்தான். அவன் வீட்டுக் கூரை இருந்த இடத்திலெல்லாம் சுவர் படுத்திருந்தது, அடுப்பு இருந்த இடத்தில் கூரை. "அண்ணா, என் ஊட்ட என்ன பண்ணீங்க?" என்று கேட்டவனுக்குச் சொல்லப் பதில் இல்லை.

அதனால்தான் இரண்டாவது படியில் அடையாளச் சொல். ஒரு துண்டைச் சேமித்தால் இப்படி இருக்க வேண்டும்:

துண்டு: மண்சுவர் / கட்டம்: 2, 0, 4 / விளிம்பு: கிழக்கு / சேதம்: 15

மனைக்கு அதன் இடமும் திருப்பமும் ஒரு முறை எழுதினால் போதும், துண்டுகளுக்கு உள்கட்டம் மட்டும். பலத்தைச் சேமிக்க வேண்டாம், திறந்ததும் மறுபடி கணக்கிட்டுக்கொள்ளலாம். கோப்பின் தலையில் ஒரு பதிப்பு எண் போடுங்கள்.

ஜேசனில் (தகவலை எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு வடிவம்) எழுதுவதாக இருந்தால் இரண்டு விஷயம். வெக்டாரை (இடத்தைக் குறிக்கும் மூன்று எண்ணின் தொகுப்பை) அதற்குத் தெரியாது, மூன்று எண்ணாகப் பிரித்து எழுதுங்கள். திரும்பப் படிக்கும்போது எல்லா எண்ணும் தசம எண்ணாகவே வரும். கட்டத்தை முழு எண்ணாக மாற்றாமல் டிக்‌ஷனரியில் தேடினால் கண் முன்னால் இருக்கும் சுவரைக்கூட இல்லை என்று சொல்லும். கோப்பு பயனர் கோப்புறைக்குப் போகட்டும். புராஜெக்ட் கோப்புறையில் எழுதினால் உங்கள் கணினியில் வேலை செய்யும், ஏற்றுமதி செய்து அடுத்தவருக்குக் கொடுத்த பதிப்பில் எழுதவே விடாது.

8. மழை, அடுப்பு, யானை

இதுவரை கட்டியது வெறும் பொம்மை வீடு. உள்ளே போனால் ஏதாவது மாறினால்தான் அது வீடு.

மழைக்கு, ஆளின் தலையிலிருந்து மேல்நோக்கிக் கட்டட லேயரை மட்டும் பார்க்கும் ரே ஒன்று. பட்டால் நனையவில்லை. ஒரே ஒரு ரே விட்டால் இரண்டு கூரைக்கு நடுவிலுள்ள மெல்லிய இடுக்கில் நுழைந்துவிடும். தலையைச் சுற்றி நாலு, நடுவில் ஒன்று என ஐந்து விட்டு, மூன்று பட்டால் சரி என்று வையுங்கள். அடுப்பு, 3 மீட்டருக்குள் இருப்பவருக்குக் குளிர் குறைக்கும். கூரை இல்லாத அடுப்பு மழையில் அணையும்.

அப்புறம் யானை. பன்னேர்கட்டா பக்கமிருந்து கேழ்வரகு அறுவடைக் காலத்தில் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி காடுகளுக்குக் கூட்டம் வருவது இங்கே எல்லோருக்கும் தெரிந்தது. அவை வீட்டைத் தேடி வருவதில்லை, தானியத்தைத் தேடி வருகின்றன. விளையாட்டிலும் அப்படியே வையுங்கள். விளைந்த கேழ்வரகோ மூட்டையோ 60 மீட்டருக்குள் இருந்தால் யானை அந்தப் பக்கம் திரும்பும். வழியில் மண்சுவர் இருந்தால் முட்டிச் சேதப்படுத்தும், கல்தூணைச் சுற்றிப் போகும். சுற்றிப் போக அதற்கு நேவிகேஷன், அதாவது நடக்கக்கூடிய வழிகளின் வரைபடம், தெரிய வேண்டும். துண்டு வைக்கும் ஒவ்வொரு முறையும் நேவிகேஷனைப் பேக் செய்தால் (அந்த வரைபடத்தைப் புதிதாகக் கணக்கிட்டால்) ஆட்டம் திக்கித் திணறும். ஒரு டைமர் வைத்து, கடைசித் துண்டு வைத்து 2 விநாடி ஆன பிறகு ஆட்டத்தைத் தடுக்காமல் பின்னணியில் ஓடும் தனித் த்ரெட்டில் பேக் செய்யுங்கள்.

சுவர் விழுந்தால் ஆறாவது படியின் கணக்கு மறுபடி ஓடும். அதன் மேல் சாய்ந்திருந்த கூரையும் சேர்ந்து விழும். இதற்குத் தனியாக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. முதல் முறை அது தானாக நடந்ததைப் பார்த்துவிட்டு, நானே என் கூரையை நாலு தடவை யானையை விட்டு இடிக்க வைத்தேன்.

புதுப் பதிப்பை அந்தத் தம்பியிடம் கொடுத்தேன். அவன் வீடு கட்டவில்லை. நாலு தூண், மேலே ஒரு கூரை, உள்ளே விறகு முழுக்க அடுக்கிவைத்தான். ஆள் வெளியே படுத்துக்கொண்டான். "ஏன்டா?" என்றால், "விறகு நனஞ்சா அடுப்பு எரியாதுண்ணா" என்கிறான். நனைந்த விறகு எரியாது என்று நான் இன்னும் எழுதவே இல்லை. எழுதிவிட வேண்டும்.