ரெண்டு சென்ட் பாட்டிலில் எதை வாங்குவது?

பழமும் பூவும் கலந்த சென்ட் என்றாலே ரெண்டு கட்சிதான். ஒருத்தருக்குத் தேன், அடுத்தவருக்குத் தலைவலி. அதனால் யாரிடமும் கேட்காதீர்கள், கடையில் நீட்டும் காகிதப் பட்டையையும் நம்பாதீர்கள். இடது மணிக்கட்டில் ஒன்று, வலதில் மற்றது, ஒரே ஒரு தடவை அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். தேய்க்க வேண்டாம்.

குப்பென்று ஏறும் எலுமிச்சை, பேரிக்காய் வாசமெல்லாம் 15, 20 நிமிடக் கூத்து. (பீச் மட்டும் கொஞ்சம் நின்று ஆடும்.) அப்புறம்தான் மல்லிகை, ரோஜா தலைகாட்டும். 4 மணி நேரம் கழித்துத் தோலில் மிஞ்சும் கஸ்தூரி, வெனிலா வாசம்தான் நாள் முழுக்க உங்களோடு இருக்கப்போவது. அதைப் பார்த்து முடிவெடுங்கள். முதல் மோப்பத்திலேயே மயங்கி நான் வாங்கிய பாட்டில் ஒன்று முக்கால்வாசி அப்படியே அலமாரியில் கிடக்கிறது.

நடுவில் மூக்கு மரத்துப்போனால் சென்ட் படாத முழங்கை மடிப்பை மோந்து பாருங்கள், போதும். மூக்கைத் தெளியவைக்கக் கடையில் நீட்டும் காப்பிக்கொட்டை எல்லாம் வேண்டாம்.

இன்னும் குழப்பமா? வெயில் நாளில் மறுபடி போட்டுப் பாருங்கள். சூட்டில் இனிப்பு தூக்கும். எது திகட்டுகிறது என்று தெரிந்துவிடும்.