பழைய ராக் கச்சேரிப் புத்தகம் வாங்குமுன்

1960களில் பீட்டில்ஸின் பிரிட்டன் சுற்றுப்பயணங்களில் விற்ற நிகழ்ச்சிப் புத்தகங்களுக்கு மறுஅச்சுகள் உலவுகின்றன. முதலில் 10 மடங்கு உருப்பெருக்கியால் எழுத்துகளைப் பாருங்கள். அசலில் விளிம்பு கூர்மையாக, மை நிறைந்திருக்கும். ஸ்கேன் செய்து அச்சிட்டதில் எழுத்தே புள்ளிகளாகச் சிதறும். புற ஊதா விளக்கை மட்டும் நம்பாதீர்கள்: அக்காலத் தாளிலேயே வெண்மையூட்டி உண்டு, அசலும் நீலமாக ஒளிரலாம்.

அடுத்து நடுப்பக்கத்து ஸ்டேப்பிள் பின்கள். துரு தாளில் இறங்கியிருந்தால் மடிப்பில் கிழியும். பின் மட்டும் புதிதாகப் பளபளத்து, பக்கத்தில் பழைய துளை தெரிந்தால் பக்கங்களை எண்ணிவிடுங்கள், நடுத்தாள் போயிருக்கலாம்.

உள்ளே செருகிய டிக்கெட் பெரும் பேறு! ஆனாலும் தனி உறையில் வையுங்கள். அதன் அமிலம் பக்கத்தில் பழுப்புத் தடம் பதிக்கும். பிவிசி உறை வேண்டவே வேண்டாம், நாளடைவில் மையோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையில், அமிலமற்ற அட்டை கொடுத்துப் படுக்கையாக அடுக்குங்கள்.