கர்ப்பகாலப் பிரஷர்: கிளினிக்ல திரும்பத் திரும்ப நடக்கிற பிழையள்

புதுசா வந்த மிட்வைஃப் பிள்ளைகளோட கொஞ்ச நாளா கிளினிக்ல நிக்கிறன், நாங்க அந்தக் காலத்தில விட்ட அதே பிழையள்தான். கையை மேசையில வைக்கணும், அளக்கேக்க கதைக்கக் கூடாது, இதெல்லாம் படிச்சிட்டுத்தான் வந்திருப்பீங்க, அதை விடுறன்.

வெயிலுக்க வந்தவ, அதான் கூடக் காட்டுது

இதுதான் எனக்கு இண்டைக்கும் கோவம் வாற பிழை. வாவிக்கு அங்கால படுவான்கரைப் பிள்ளை ஒண்டு, தலைப்பிள்ளை, 32 கிழமை, பாதையால (வாவி கடக்கிற மிதவை) இறங்கி வெயிலுக்க நடந்து வேர்த்து விறுவிறுத்து வந்திருக்கா, அளந்தா 146/94. அளந்தவ சொன்னது, "வெயிலுக்க வந்ததாலகா, வீட்ட போய் ரெஸ்ட் எடுங்க, அடுத்த கிளினிக்ல பாப்பம்." கிளினிக் கார்ட்ல எழுதவும் இல்ல, மூத்திரம் பாக்கவும் இல்ல. அந்தக் கிழமைக்குள்ள தலையிடி, கண் மங்கல், வீட்டில பனடோலும் தைலமும், பொறகு வலிப்பு. ரெண்டு உசிரும் தப்பிச்சு, ஆனா அந்தக் குறைமாசப் பிள்ளை மூக்கில டியூபோட கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்ததை நான் போய்ப் பாத்தன்.

வெயிலும் நடையும் பிரஷரைக் கூட்டும்தான், பொய்யில்ல. அதுக்குத்தான் நிழலில கதிரையில சாய்ஞ்சிருக்க விட்டு 15 நிமிசத்தால திரும்ப அளக்கிறது. அப்பயும் 140/90 எண்டா, மேல் எண்ணோ கீழ் எண்ணோ ஒண்டு மட்டும் தாண்டினாலும் சரி, மூத்திரத்தில புரதம் பாத்து அண்டைக்கே டொக்டரிட்ட காட்டணும். 160/110 எண்டா காத்திருக்கிற கதையே இல்ல, வாகனம் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு. 20 கிழமைக்குப் பொறகு புதுசா ஏறுற பிரஷர் சிறுநீரகம், ஈரல், மூளை, பிள்ளைக்குப் போற ரத்தம் எல்லாத்தையும் தொடும், ஆனா தாய் "எனக்கு சுகமாத்தான் இரிக்கு மிஸ்" எண்டுதான் சொல்லுவா.

ஆருக்கு வரும் எண்டு முதல் விசிட்ல கேக்காதது

முந்தின பிள்ளைக்கு பிரஷர் வந்ததா, தாய்க்கு, அக்கா தங்கச்சிக்கு வந்ததா, சீனி, சிறுநீரக வருத்தம், இரட்டைப் பிள்ளை, பருமன், 40 தாண்டின வயசு, ரெண்டு பிள்ளைக்கு நடுவில 10 வருச இடைவெளி. ஆபத்துக் கூடினவங்களுக்கு டொக்டர் எழுதுற சின்ன டோஸ் அஸ்பிரினை 12 கிழமையில இருந்து 16க்குள்ள தொடங்கினாத்தான் நல்ல பலன், ஆறாம் மாசத்தில கேட்டு என்ன பிரயோசனம்? மாமியார் பக்கத்தில இருந்தா சில பிள்ளைகள் பழைய கதை சொல்ல மாட்டாங்க, தனியக் கூப்பிட்டுக் கேளுங்க.

பருத்த கைக்கு சின்ன கஃப் (கையில சுத்துற பட்டி)

கூடக் காட்டும். பெரிசு கேட்டு வாங்குங்க.

உப்பைக் குறைச்சாக் காணும் எண்டு சொல்றது

காணாது. கருவாட்டை அளவாச் சாப்பிடட்டும், ஆனா அதால இந்த வருத்தம் நிக்காது. கிளினிக்ல குடுக்கிற கல்சியத்தைப் போடுறாவா எண்டு கேளுங்க.

பழைய பிரஷர் குளிசை

கர்ப்பத்துக்கு முதலே போட்டு வாற எனலாப்ரில், லொசாட்டன் வயித்துப் பிள்ளைட சிறுநீரகத்தைப் பாதிக்கும். தானா நிப்பாட்ட விடாம உடனே டொக்டரிட்ட அனுப்பி மாத்துங்க.

பிள்ளை பிறந்தா முடிஞ்சு எண்டு நினைக்கிறது

முடியல்ல. பிறந்த பொறகும் ஏறும், வலிப்பும் வரும், முதல் கிழமைதான் கூடப் பயம். வீட்டு விசிட்ல தொப்புளைப் பாத்து, பால் குடிக்குதா எண்டு கேட்டிட்டு மட்டும் வராம மெஷினையும் பையில கொண்டு போங்க. தலையிடி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழ நோவு, மூச்சு முட்டு, இதில ஒண்டு இருந்தாலும் அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு ஏத்தி விடுங்க.