குழாய் வழவழப்பா சொரசொரப்பா? தண்ணீரின் கணக்கு வேறு

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவுங்கள், நெருடும். ஆனால் விரலுக்கு நெருடுவதெல்லாம் தண்ணீருக்கும் நெருடுமா? ஒரு வாளி, கடிகாரம், கால்குலேட்டர் இருந்தால் பார்த்துவிடலாம்.

படி 1: உள்விட்டம் 25 மி.மீ. குழாயில் 15 லிட்டர் வாளி 30 வினாடியில் நிரம்பினால், வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர்.

படி 2: ரெனால்ட்ஸ் எண். ஓட்டம் அமைதியா, கொந்தளிப்பா என்று சொல்லும் எண் இது. வேகத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணீரின் இயக்கப் பாகுநிலையான (அது ஓடுவதற்குக் காட்டும் பிசுபிசுப்பு) 0.000001-ஆல் வகுங்கள். விட்டத்தை மீட்டரில் போடணும். பலரும் சறுக்குவது இங்கேதான். விடை 25,000. குழாயில் 4,000 தாண்டினாலே கொந்தளிப்பு ஓட்டம்.

படி 3: இப்போதைக்குச் சுவர் வழவழப்பு என்றே வைத்துக்கொள்வோம். பிளாசியஸ் சூத்திரப்படி, 0.316-ஐ ரெனால்ட்ஸ் எண்ணின் நான்காம் மூலத்தால் வகுத்தால் உராய்வுக் காரணி (சுவர் ஓட்டத்தை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்ற அளவு) 0.025. அதை 8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, வேகத்தால் பெருக்கினால் 0.056. இதுதான் உராய்வு வேகம்; சுவரின் இழுப்பை வேகக் கணக்கில் சொல்லும் எண்.

படி 4: நடுவில் எவ்வளவு கொந்தளித்தாலும், சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் பாகுநிலை வைத்ததுதான் சட்டம். அதன் தடிமன்: பாகுநிலையின் 5 மடங்கை உராய்வு வேகத்தால் வகுக்க, 0.09 மி.மீ. கிட்டத்தட்ட ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம்.

படி 5: இனி ஒப்பிடுங்கள். பி.வி.சி.யின் சொரசொரப்பு 0.0015 மி.மீ., படலத்துக்குள் புதைந்துபோகும். புது ஜி.ஐ.க்கு 0.15 மி.மீ.; மேடுகள் படலத்தைத் துளைத்து நிற்கும். ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னாலும் குட்டிச் சுழல்கள் கிளம்பி அழுத்தத்தைத் தின்னும். சொரசொரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் உராய்வுக் காரணி 0.036 ஆகிறது. 10 மீட்டர் குழாயில் பி.வி.சி. 0.51 மீட்டர் உயர நீரின் அழுத்தத்தை இழந்தால், ஜி.ஐ. 0.73 மீட்டர் இழக்கும்.

இந்த 0.15 என்பது மேட்டை அளவுகோல் வைத்து அளந்ததல்ல. 1933-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிக்குராட்சே என்ற பொறியாளர், சலித்த மணலைக் குழாய்களுக்குள் ஒட்டி ஓட்டத்தை அளந்தார். அந்த மணலில் எந்தப் பருமன் இதே இழப்பைத் தரும் என்று சொல்லும் எண் இது.

இப்போது குழாயைப் பாதி மூடி, வாளி நிரம்ப இரண்டரை நிமிடம் ஆகும்படி வையுங்கள். கணக்கை மறுபடி போட்டால் படலம் 0.36 மி.மீ. ஆகத் தடித்திருக்கும். விரலுக்கு நெருடிய அதே ஜி.ஐ. குழாய், தண்ணீருக்கு இப்போது வழவழப்பு.