ராட்செட் வாங்கும்போது செய்யும் தவறுகள்: மினுமினுப்பைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பி, போன மாதம் ஒரு நாள் காலையில் வலது கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். இரண்டு விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது. பைக் சைலன்சர் போல்ட்டைக் கழற்றப் போயிருக்கிறான். பதினாலாம் நம்பர் போல்ட், அதாவது தலை 14 மி.மீ. இரண்டு மழைக்காலம் பார்த்த துரு. ஆன்லைனில் வாங்கிய 46 பீஸ் பெட்டியில் இருந்த ராட்செட்டை (நட்டு, போல்ட் தலையில் மாட்டும் சாக்கெட் என்ற குழாய்த் துண்டைத் திருப்பும் கைப்பிடி) போட்டு முழு பலத்தோடு இழுத்ததில், உள்ளே பல் வழுக்கி, கை நேராக பிராக்கெட்டில் போய் மோதியிருக்கிறது.

"எந்தக் கம்பெனி வாங்கினா நல்லதுண்ணா?" என்று கேட்டான்.

பீன்யா தொழிற்பேட்டையில் மெயின்டனன்ஸ் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். கம்பெனி பெயர் முக்கியம்தான், ஆனால் அது கடைசியில் பார்க்க வேண்டியது. அதற்கு முன்னால் நாம் செய்யும் தவறுகள்தான் பணத்தையும் விரலையும் பதம் பார்க்கின்றன.

ராட்செட்டின் உயிர் அதன் தலைக்குள் இருக்கிறது. உள்ளே ஒரு பல்சக்கரம். அதைக் கவ்விப் பிடிக்க ஒன்றோ இரண்டோ கொக்கித் துண்டுகள். கொக்கியைப் பல்லோடு அழுத்தி வைக்க, பேனா ஸ்பிரிங்கை விடச் சிறிய ஒரு ஸ்பிரிங். ஒரு பக்கம் இழுத்தால் கொக்கி பல்லைக் கவ்வும், மறுபக்கம் திருப்பினால் டிக் டிக் என்று பல் மேல் ஏறி இறங்கும். நீங்கள் கொடுக்கும் முழு பலமும் அந்தச் சின்னக் கொக்கியின் மேல்தான் உட்காருகிறது. விலை குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் கை வைப்பதும் அங்கேதான். வெளியே பளபளக்கும் குரோம் பூச்சு நல்லது, மட்டமானது இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எத்தனை பீஸ் என்று எண்ணுவது

குறைந்த விலையில் வாங்குபவர்கள் விழும் முதல் குழி இது. ஐந்நூறு ரூபாய்க்கு 46 பீஸ் என்றதும் ஒரு பீஸ் பதினொரு ரூபாய் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். பெட்டியைத் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் ஸ்க்ரூ டிரைவர் பிட்டுகள், ஆலன் முனைகள், ஒரு வளையும் எக்ஸ்டென்ஷன் (சாக்கெட்டைத் தள்ளி மாட்டும் நீட்டிப்புக் கம்பி), வீட்டில் ஒருபோதும் தொடாத 4, 4.5, 5 நம்பர் சாக்கெட்டுகள். அத்தனையையும் திருப்ப இருப்பது ஒரே ஒரு ராட்செட். அது போனால் மீதி 45 பீஸும் சும்மா கிடக்க வேண்டியதுதான்.

அதே காசைச் சேர்த்து வைத்து ராட்செட்டைத் தனியாகவும், தேவைப்படும் சாக்கெட்டுகளைத் தனித்தனியாகவும் வாங்கலாம். பைக் வேலைக்கு 10, 12, 14, 17, 19 என்று ஐந்து சாக்கெட், ஒரு ஐந்து இஞ்ச் எக்ஸ்டென்ஷன், ஒரு எல் ஹேண்டில் (எல் வடிவத்தில் வளைந்த, உள்ளே பல் இல்லாத கைப்பிடி) போதும். வேறு நம்பர் தேவைப்படும் அன்று அதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். சாக்கெட் எடுக்கும்போது உள்ளே ஆறு மூலை உள்ளதாகக் கேளுங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட்டை மாட்டுவது சுலபம்தான், ஆனால் துருப்பிடித்த நட்டின் மூலையை அது எளிதில் மழுக்கிவிடும்.

டிரைவ் அளவைப் பார்க்காமல் வாங்குவது

ராட்செட் தலையில் துருத்திக்கொண்டிருக்கும் சதுரத்தின் அளவுதான் டிரைவ். கால் இஞ்ச், த்ரீ பை எய்ட், அரை இஞ்ச் மூன்றும்தான் வீட்டு வேலைக்கு வரும். ஹார்டுவேர் கடையில் நூல் கணக்கு பேசும் பெரியவர்களிடம் இரண்டு நூல், மூணு நூல், நாலு நூல் என்று சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

தம்பியின் பெட்டியில் இருந்தது கால் இஞ்ச். அது டாஷ்போர்டு ஸ்க்ரூ, பேட்டரி டெர்மினல், எட்டாம் நம்பர், பத்தாம் நம்பர் போல்ட்டுகளுக்கானது. அந்தப் பெட்டியில் பதினாலாம் நம்பர் சாக்கெட்டும் இருந்ததால், அந்த போல்ட்டைக் கழற்றும் சக்தியும் அதற்கு உண்டு என்று அவன் நம்பிவிட்டான். தப்பு அவனுடையது என்று சொல்ல மாட்டேன். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது பெட்டிதான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. "பெருசா வாங்கினா எல்லாத்துக்கும் ஆகும்" என்று அரை இஞ்ச் வாங்கி, அதையே சின்ன போல்ட்டுக்கும் போடுவது. பத்தாம் நம்பர் தலை உள்ள எம்-6 போல்ட்டை (6 மி.மீ. தடிமன்) முறுக்க ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். கைப்பிடி 25 சென்டிமீட்டர் நீளம் என்றால், முனையில் நாலு கிலோ எடை தொங்கினாலே அந்த அளவு வந்துவிடும். நாலு கிலோ என்பது ஒரு காய்கறிப் பையின் கனம். கை அதை உணரவே உணராது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் அலுமினிய எஞ்சின் கவரில் மரை போய்விடும், இல்லாவிட்டால் போல்ட் தலை கையோடு வந்துவிடும். அந்த மரையைச் சரிசெய்ய ஆகும் செலவில் இன்னொரு ராட்செட்டே வாங்கலாம்.

பைக் மட்டும் என்றால் என் ஓட்டு த்ரீ பை எய்டுக்குத்தான். கார் டயர் நட்டும் கழற்ற வேண்டும் என்றால் அரை இஞ்ச். நம் ஊர்க் கடைகளில் அரை இஞ்ச் சாக்கெட்தான் உதிரியாகத் தாராளமாகக் கிடைக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை முதலில் நல்லதாக வாங்குங்கள், மற்றது அடுத்த வருஷம் வரட்டும். கால் இஞ்ச் ராட்செட்டில் அடாப்டர் போட்டு அரை இஞ்ச் சாக்கெட் மாட்டுவது மட்டும் வேண்டாம். சாக்கெட் பெரிதானாலும் கொக்கி அதே கொக்கிதான்.

பல் எண்ணிக்கை மயக்கம்

இப்போது எல்லா அட்டையிலும் 72 பல், 90 பல் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். இந்தக் கணக்கு எளிது. 360 டிகிரியைப் பல் எண்ணிக்கையால் வகுங்கள். 24 பல் என்றால் ஒரு கிளிக்குக்குக் கையை 15 டிகிரி ஆட்ட வேண்டும். 36 என்றால் 10, 72 என்றால் 5. பைக் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே கை நுழைய இடமில்லாத இடத்தில் இந்த 5 டிகிரி பெரிய வரம். மறுக்கவே இல்லை.

ஆனால் அதே அளவு சக்கரத்தில் பல் கூடக்கூட ஒவ்வொரு பல்லும் சிறிதாகும். நல்ல தயாரிப்பில் அகலமான கொக்கி ஒரே சமயத்தில் பல பற்களைக் கவ்வி அந்தக் குறையை ஈடுகட்டும். மலிவு தயாரிப்பில் பல் மட்டும் சிறிதாகும், கவ்வும் பரப்பு கூடாது, இரும்பைச் சூடேற்றிப் பதமாக்குவதும் ஏனோதானோ என்று இருக்கும். அப்படிப்பட்ட 72 பல்லை விட ஒழுங்காகச் செய்த 36 பல் பல வருஷம் கூட வரும். எங்கள் ஷாப்பில் பெரிய பல் உள்ள பழைய ராட்செட் ஒன்று இருக்கிறது. நடக்கும்போது டக் டக் என்று கரகரப்பாகச் சத்தம் போடும். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அது ஒரு தடவைகூட வழுக்கியதில்லை.

'குரோம் வெனேடியம்' என்ற முத்திரையும் இதே கதைதான். அது எந்த இரும்பு என்று மட்டுமே சொல்லும், எப்படிப் பதமாக்கினார்கள் என்று சொல்லாது. அதுவும் பெரும்பாலும் கைப்பிடியில்தான் அடித்திருக்கும், உள்ளே இருக்கும் கொக்கியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நல்ல கம்பெனிகள் கேட்டலாக்கில் ஐ.எஸ்.ஓ. 3315 (சர்வதேசத் தரம்), டி.ஐ.என். 3122 (ஜெர்மன் தரம்) போன்ற தர எண்ணைக் கொடுத்திருப்பார்கள். ராட்செட் குறிப்பிட்ட முறுக்கு விசையைத் தாங்க வேண்டும் என்று சொல்லும் தரங்கள் அவை. விலை ஒன்றுபோல இருக்கும் இரண்டில், அந்த எண் உள்ளதை எடுப்பேன்.

கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்குவது

எல்லாவற்றையும் விட இதைத்தான் அழுத்திச் சொல்வேன். ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறினால் நாலாவது ஸ்டேஷன் கே.ஆர். மார்க்கெட். இறங்கி எஸ்.ஜே.பி. ரோட்டுக்கு நடந்துவிடலாம். கார் சாமான் என்றால் பக்கத்திலேயே ஜே.சி. ரோடு. அடுத்த சனிக்கிழமை தம்பியை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். உதிரி சாக்கெட் தாராளமாகக் கிடைக்கும் என்று அரை இஞ்சே கேட்டோம். கடைக்காரர் ராட்செட் நாலை மேஜை மேல் வைத்தார். நாலும் பார்வைக்கு அண்ணன் தம்பிகள்.

முதலில் சதுரத்தை இரண்டு விரலால் பிடித்து, கைப்பிடியை மெதுவாகப் பின்னோக்கி ஓட்டினோம். முழுச் சுற்றுக்கும் டிக் சத்தம் ஒரே சீராக வர வேண்டும். ஒன்றில் ஒரு இடத்தில் சத்தம் அமுங்கியது. அதை அப்போதே ஒதுக்கி வைத்தோம். பிறகு தலையில் உள்ள திசை மாற்றும் விசையை மாற்றி மறுபக்கமும் அதே சோதனை. பலர் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள்.

அடுத்தது பின்னிழுப்பு. விரலால் லேசாகப் பிடித்தாலே சதுரம் நின்று, கைப்பிடி மட்டும் பின்னால் போக வேண்டும். சதுரமும் கூடவே சுற்றினால், தளர்ந்த நட்டைக் கழற்றும்போது முன்னால் கழற்றியதைப் பின்னால் போகும்போது திரும்ப முறுக்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவது ராட்செட் இதில் தோற்றது. அது உள்ளே கெட்டி கிரீஸ் அடைத்ததாலும் இருக்கலாம், ஆனால் கடையில் அதைப் பிரித்துப் பார்க்க முடியாது.

மூன்றாவதில் திசை மாற்றும் விசை நடுவிலேயே நின்றது. இது ஆபத்தான குறை. விசை டக்கென்று இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய் உட்கார வேண்டும். நடுவில் நின்றால் கொக்கி பல்லின் நுனியை மட்டும் பிடித்திருக்கும். பலமாக இழுக்கும் அந்த நொடியில் விட்டுவிடும்.

நாலாவதில் ஒரு எக்ஸ்டென்ஷனை மாட்டி ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு பல்லாக இழுத்துப் பார்த்தோம். எங்கும் நழுவவில்லை. சதுரத்தை ஆட்டினால் மயிரிழை ஆட்டம்தான். சாக்கெட்டைப் பிடிக்கும் குண்டு நன்றாக அமுங்கி எழுந்தது. தலையின் மூடி ஸ்க்ரூ போட்டது, ஆணி அடித்து அடைத்ததில்லை. பின்னால் ஸ்பிரிங் போனால் திறந்து மாற்றலாம். தபாரியா, ஜலானி, ஸ்டான்லி போன்ற தெரிந்த பெயர்களில் இப்படிப்பட்ட அரை இஞ்ச் ராட்செட் ஏறக்குறைய ஆயிரம் ரூபாயில் கிடைத்துவிடுகிறது. ஒரே பெயரில் இரண்டு கிடைத்தாலும் இரண்டையும் சோதித்து ஒன்றை எடுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள், பில் இல்லாமல் வாரன்டி பேச முடியாது.

ஆன்லைனில்தான் வாங்க வேண்டிய நிலை என்றால், வந்த அன்றே இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு யாரும் நம் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சிக்பேட்டை பக்கம் நடைபாதையில் பழைய சாமான் பரப்பி வைத்திருப்பார்கள். அதில் ஜப்பான், ஜெர்மனி ராட்செட்டுகளும் எப்போதாவது கண்ணில் படும். உள்ளே பல் நன்றாக இருந்தால் நல்ல பேரம்தான். தலையில் வெல்டிங் தழும்பு, கைப்பிடியில் வளைவு, நீளம் கூட்ட பைப் மாட்டி இழுத்த கீறல் இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

இறுகிய நட்டை ராட்செட்டை வைத்தே அசைப்பது

நல்ல ராட்செட் வாங்கியும் ஆறு மாதத்தில் கெடுத்துக்கொள்பவர்கள் இந்தத் தவறால்தான் கெடுக்கிறார்கள். துருப்பிடித்த நட்டை முதலில் அசைப்பது ராட்செட்டின் வேலையே இல்லை. அது எல் ஹேண்டில் அல்லது நீள டி-பார் செய்ய வேண்டிய வேலை. அவற்றுக்குள் பல்லும் இல்லை, கொக்கியும் இல்லை, வழுக்க எதுவும் இல்லை. நட்டு அசைந்த பிறகு ராட்செட்டை மாட்டினால் போதும்.

பைப் மாட்டி இழுப்பதை யோசித்துப் பாருங்கள். சின்ன கார் டயர் நட்டு முறுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் பைப்பின் முனையில் 60 கிலோ ஆள் ஏறி நின்றால் 600. அதை அந்தச் சின்னக் கொக்கி தாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கைப்பிடியைத் தள்ளாமல் உங்களை நோக்கி இழுங்கள். தள்ளியே ஆக வேண்டிய இடத்தில் விரல்களை விரித்து உள்ளங்கையால் தள்ளுங்கள்.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, மாதம் ஒரு தடவை. வீல் பேரிங் கிரீஸ் மட்டும் அடைக்காதீர்கள், கொக்கி ஒட்டிக்கொண்டு பல்லில் முழுதாக இறங்காது.

சனிக்கிழமை இரவு தம்பி அந்த சைலன்சர் போல்ட்டில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தான். ஞாயிறு காலை எல் ஹேண்டிலை மாட்டி, கை நீட்டி, தன் பக்கமாக இழுத்தான். 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம், போல்ட் கால் சுற்று வந்தது. எல் ஹேண்டிலைக் கீழே வைத்துவிட்டுப் புது ராட்செட்டை எடுத்தான். தெருவே கேட்கும்படி டிக் டிக் டிக் என்று போல்ட் முழுதாக வெளியே வந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. "அண்ணா, அடுத்த போல்ட்டும் நானே கழட்டறேன்" என்றான்.