2⁶⁷ − 1: 21 இலக்க எண்ணைக் காகிதத்திலேயே சோதிப்பது எப்படி?

147,573,952,589,676,412,927. இதுதான் 2⁶⁷ − 1. இது பகா எண் என்று 1644-இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென், 2ⁿ − 1 வடிவப் பகா எண்களின் தன் பட்டியலில் சேர்த்தார். இல்லை, பகு எண்தான் என்று 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா நிறுவினார். ஆனால் அவர் வழியில் காரணி எதுவும் கிடைக்கவில்லை. 1903-இல்தான் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் இரண்டு காரணிகளையும் காட்டினார். இந்த எண்ணை நாமே சோதித்துப் பார்க்கலாம். பேனாவும் காகிதமும் போதும்.

படி 1: எண்ணைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்

விரிதாளில் (எக்செல் போன்றவை) கணக்கிட்டால் 147573952589676000000 என்று வரும். 15 இலக்கங்களுக்குப் பிறகு வெறும் பூஜ்ஜியம். அதை வைத்து எந்தச் சோதனையும் செய்ய முடியாது. பைத்தான் நிரல்மொழியில் 2**67-1 என்று அடித்தால் முழு எண்ணும் கிடைக்கும். பழக்கதோஷத்தில் 2^67-1 என்று அடித்துவிட்டால் விடை 64! அங்கே ^ என்பது அடுக்குக்குறி அல்ல.

வந்த எண் சரியா? 2-இன் மடக்கை (log₁₀ 2) சுமார் 0.30103. 67 × 0.30103 ≈ 20.17, முழுப் பகுதியோடு 1 கூட்டினால் 21 இலக்கம். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்ற கடைசி இலக்கங்களில் சுழலும். 67-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3, ஆகவே 2⁶⁷ முடிவது 8-இல். ஒன்றைக் கழித்தால் 7. சரி.

படி 2: இலக்கக் கூட்டல்

எல்லா இலக்கங்களையும் கூட்டினால் 109. அதை 9-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே 3-உம் 9-உம் காரணிகள் இல்லை. இந்தச் சோதனையில் ஓர் ஓட்டை உண்டு: இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருந்தாலும் கூட்டுத்தொகை மாறாது.

படி 3: மும்மூன்றாகப் பிரித்துக் கூட்டிக் கழிப்பது

அந்த ஓட்டையைப் பெரும்பாலும் அடைப்பது இதுதான். 1001 = 7 × 11 × 13. ஆகவே 1001-ஆல் வகுக்கும் மீதியைப் பொறுத்தவரை 1000-ஐ −1 என்றே வைத்துக்கொள்ளலாம். வலது ஓரத்திலிருந்து தொடங்குங்கள்:

927 − 412 + 676 − 589 + 952 − 573 + 147 = 1128

1001-ஐக் கழித்தால் 127. அதை 7, 11, 13 ஆகியவற்றால் வகுத்தால் மீதி முறையே 1, 6, 10. மூன்றாலும் வகுபடாது. இடது பக்கத்திலிருந்து பிரிப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. இங்கே 21 இலக்கம் என்பதால் தப்பித்துவிடலாம். 20 இலக்க எண்ணில் கணக்கே கெட்டுவிடும். இந்த 127-ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: எவற்றால் வகுத்துப் பார்க்க வேண்டும்?

17, 19, 23 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போக வேண்டாம். 67 பகா எண் என்பதால், 2⁶⁷ − 1-இன் பகாக் காரணி எதுவும் 134k + 1 என்ற வடிவில்தான் இருக்கும் (k ஒரு முழு எண்). அதை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டும் பொருந்த வேண்டுமென்றால் k-ஐ 4-ஆல் வகுக்கும்போது மீதி 0 அல்லது 1.

k = 1, 4, 5, 8, 9 என்று போட்டால் 135, 537, 671, 1073, 1207. எதுவும் பகா எண் இல்லை (1073 = 29 × 37, 1207 = 17 × 71; இவை பார்வைக்கு ஏமாற்றும்). k = 12-இல் வரும் 1609தான் முதல் பகா எண். அதாவது, ஒரு வகுத்தல்கூடச் செய்யாமல் 1609-க்குக் கீழே உள்ள எல்லாப் பகா எண்களையும் ஒதுக்கியாயிற்று.

அங்கிருந்து கையால் தொடர வேண்டாம். சிறிய காரணி கிடைப்பது k = 14,45,580-இல்: 193,707,721. இன்னொன்று 761,838,257,287.

படி 5: பெருக்காமலே சரிபார்ப்பது

இரண்டு காரணிகளையும் படி 3-இல் போலவே மும்மூன்றாகப் பிரித்துக் கூட்டிக் கழியுங்கள்:

721 − 707 + 193 = 207
287 − 257 + 838 − 761 = 107

207 × 107 = 22,149. அதிலிருந்து 22 × 1001 = 22,022-ஐக் கழித்தால் 127, படி 3-இல் குறித்த அதே எண். மீதி ஒத்துப்போவது மட்டும் நிரூபணம் ஆகாது. ஒத்துப்போகாவிட்டால் எங்கோ தவறு என்பது உறுதி. முழு நிரூபணம் வேண்டுமானால் இரண்டையும் நேராகப் பெருக்கிவிடுங்கள், ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும்.